புக்கை மூடும்மா

பெத்த மகளைப் பாத்து வயிறெரிஞ்சவ நான். இதை எங்க ஊருல யாருகிட்டயும் சொன்னதில்ல. ஓரகத்தி மேல எரிச்சல்னா சரிதான்னு கேட்டுக்குவாங்க. நாத்தனார் மேலன்னா கூடச் சேந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க. பெத்த பிள்ளை மேலயான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஆனா ஒரு வருஷம் முழுக்க எரிஞ்சேன். அது பொய்யில்ல.

எனக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. கொடைக்கானல் மலையில பள்ளங்கிப் பக்கம் எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல சத்துணவுக் கூடத்துக்குச் சமையல் உதவியாளரா இருந்தேன். பிள்ளைங்க என்னை ஆயான்னு கூப்பிடும். பதிவேடு எழுதுற அமைப்பாளரை டீச்சர்னு கூப்பிடும். முட்டையை அவிச்சு, உரிச்சு, தட்டுல வைக்கிறவ ஆயா. அதை எண்ணிக் கையெழுத்துப் போடுறவங்க டீச்சர். அந்த டீச்சர் நல்ல மனுசி. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போறாங்க. ஒரு நாள் அரிசி களையுறப்ப எங்கிட்ட வந்து, "ஏத்தா, என் எடத்துக்கு நீ வரலாம்ல. பத்தாவது பாஸ் வேணும், நாப்பது வயசு தாண்டக் கூடாது. நீ ஒம்பதாவது வரைக்கும் படிச்சவதானே. தனியா பரீட்சை எழுது. ஒரே ஒரு வருஷம்தான் உனக்கு டயம்"னாங்க. அன்னிக்கு அரிசியில நான் எத்தனை தடவை தண்ணி மாத்துனேன்னு எனக்கே தெரியாது.

ஒம்பதாவது வரைக்கும் நான் படிச்சது மலைக்குக் கீழ, பொறந்த ஊரு அய்யம்பாளையத்துல. பத்தாவதுக்கு நோட்டெல்லாம் வாங்கி அட்டை போட்டு வச்சிருந்தேன். பள்ளிக்கூடம் தொறக்க ரெண்டு நாள் இருக்கையில எங்கம்மா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டாங்க. வீட்டுல மூணு மாடு. எங்கப்பா சொன்னது ஒரே வார்த்தை: "புக்கை மூடிட்டு மாட்டைப் பாரு." நோட்டையெல்லாம் அண்ணன் எடுத்துக்கிட்டான். கல்யாணமாகி மலை ஏறுனப்ப எனக்குப் பதினெட்டு. அதுக்கப்புறம் பூண்டு, கேரட்டு, பீன்ஸு, அடுப்பு, இதுதான் என் படிப்பு.

என் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, அதே வருஷம் என் மகளும் பத்தாவது. கொடைக்கானலுக்கு பஸ்ஸுல போயி வருவா. ஒரே வீட்டுல ரெண்டு பேரு பத்தாவது, ஆனா பாடப் புத்தகம் ஒரே செட்டு. பகல்ல அது அவ பையில போயிரும். சாயங்காலம் அவ வச்சிருப்பா. எனக்குக் கெடைக்கிறது வெள்ளனே அவ எந்திரிக்கிறதுக்கு முன்ன உள்ள ஒண்ணரை மணி நேரம்தான்.

அந்த ஒண்ணரை மணி நேரத்துல நான் படிச்ச படிப்பை நீங்க பாத்திருக்கணும். சால்வையைப் போத்திக்கிட்டு, அடுப்புப் பக்கம் உக்காந்து, ஒரே பத்தியை இருபது தடவை வாசிப்பேன். வாய்விட்டு, ராகம் போட்டு வாசிப்பேன். மகளோட பழைய ஸ்கெட்ச் பேனாவால முக்கியமான வரிக்கெல்லாம் கோடு போடுவேன். எது முக்கியம்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாமே முக்கியமாத்தான் தெரிஞ்சுச்சு. கடைசியில பக்கம் முழுக்க மஞ்சளாக் கெடக்கும். வாசிச்சு முடிக்கிறப்ப எல்லாம் மனசுல ஏறிட்டாப்புல தெம்பா இருக்கும். அன்னிக்கு மத்தியானம் சாம்பாரைக் கிண்டுறப்ப நெனச்சுப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. தலைப்பு மட்டும் நிக்கும்.

அவ எப்படிப் படிப்பான்னு சொல்றேன். வாசல்ல வெயில் விழுகுற எடமாப் பாத்துச் சாக்கை விரிச்சு உக்காருவா. கொஞ்ச நேரம் வாசிப்பா. அப்புறம் புக்கை மூடி மடியில வச்சுக்கிட்டு எதிர மலையைப் பாப்பா. சும்மா பாப்பா. வாய்கூட அசையாது. பிறகு ஒரு பழைய தாளை எடுத்து என்னமோ கிறுக்குவா, புக்கைத் தொறந்து பாப்பா, நாக்கைக் கடிச்சுக்குவா, மறுபடி மூடுவா. அரை மணி நேரம் ஆகியிருக்காது, எந்திரிச்சுக் கோழிக்கு இரை போடப் போயிருவா. ஒம்பது மணிக்கெல்லாம் தூங்கிருவா. காலையில ஆறரைக்கு முன்ன அசைய மாட்டா. அப்படிப் படிச்சு எல்லாத்துலயும் தொண்ணூறு வாங்கிட்டு வருவா.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் மாடா உழைச்சுப் படிக்கிறேன், எனக்கு ஏற மாட்டேங்குது. இவ மலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, இவளுக்கு ஏறுது. ஊருல பாக்குறவங்க எல்லாம், "உன் மகளுக்கு நல்ல மூளைத்தா"ன்னுவாங்க. அந்த மூளை எங்கருந்து வந்துச்சாம்? ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு? ஒருத்தியாவது, "உன்ன மாதிரி"ன்னு சொல்லலையே.

எங்க வீட்டுக்காரர் சாது. ஆனா சாதுவுக்கும் ஓரவஞ்சனை உண்டு. அவளுக்கு நெதம் ஒரு அவிச்ச முட்டை, பாலு, பாதாம் பவுடர். ஒரு நாள் ஞாயித்துக்கிழமை, அவ வாசல்ல மலையைப் பாத்துக்கிட்டிருந்தா. நான் உள்ள மண் வகைகளை வாய்விட்டுப் படிச்சுக்கிட்டிருந்தேன். இவரு உள்ள வந்து மெதுவா, "இந்தா, பிள்ளை படிக்குதுல்ல, சத்தம் போடாத"ன்னாரு. நான் கையில புக்கை வச்சிருக்கேன். அவ கையில புக்கு மூடிக் கெடக்கு. யாரு படிக்கிறா? நான் புக்கை மடக்கி வச்சுட்டு உலையை அடுப்புல டங்குன்னு வச்சேன். அவருக்கு இன்னிக்கு வரைக்கும் அது எதுக்குன்னு புரியல.

காலாண்டு முடிஞ்சு அவ கேள்வித்தாளெல்லாம் கொண்டு வந்தா. "அம்மா, நீயும் எழுதிப் பாரு, நான் திருத்துறேன்"னா. நாலு நாள் உக்காந்து எழுதுனேன். அவ சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு உக்காந்தா. டீச்சர் மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுத் திருத்துனா. சமூக அறிவியல்ல இருபத்தெட்டு, அறிவியல்ல பத்தொம்பது, கணக்குல பதினொண்ணு. அவ எண்பத்தேழு, தொண்ணூத்திரண்டு, தொண்ணூத்தாறு வாங்குன அதே தாளு.

வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "நீ எப்படிப் பாப்பா படிக்கிற? எனக்கும் சொல்லேன்."

அவ தாள்ல இருந்து தலையைக்கூட நிமுத்தல. சிவப்புப் பேனாவால ஒரு பதில்ல குறுக்க கோடு போட்டுக்கிட்டே, "நீ முதல்ல புக்கை மூடும்மா"ன்னா.

எனக்கு அப்படியே தீப் பிடிச்சாப்புல ஆயிருச்சு. இருபத்து மூணு வருஷத்துக்கு முன்ன எங்கப்பா சொன்ன அதே வார்த்தை. எங்க வீட்டுல அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், உனக்கு இது வராது, எந்திரிச்சுப் போயி வேலையைப் பாரு. அன்னிக்கு அதை அப்பன் சொன்னான். இன்னிக்கு மகள் சொல்றா.

"ஆமாடி"ன்னேன். "நான் மூடிக்கிறேன். நீ படி. உனக்குச் சோறு பொங்கத்தானே நான் பொறந்தது."

"ஐயோ, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வாயை மூடு."

அவ முகம் சுருங்கிப் போச்சு. பேனாவை மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பதினோரு நாள் நாங்க பேசிக்கல. சோறு வைப்பேன், சாப்பிடுவா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவருகிட்ட சொல்லுவேன், அவரு அவகிட்ட சொல்லுவாரு. அதுக்கப்புறம் பேச்சு வந்துச்சு, ஆனா படிப்பைப் பத்தி மட்டும் அவ எங்கிட்ட வாயே தொறக்கல. நானும் கேக்கல. இவகிட்டப் போயி இனிக் கேக்கணுமாக்கும், நானே படிச்சுக் காட்டுறேன்னு ஒரு வீம்பு.

சத்துணவுச் சோலி முடிஞ்சு ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தா, நேரா காட்டுக்குப் போகணும். எங்க காடு மலைச்சரிவுல வெட்டுனது. மேலருந்து கீழ வரைக்கும் பதினாலு படி. படின்னுதான் சொல்லுவோம். எந்தப் படியில களை எடுத்த, எந்தப் படிக்குத் தண்ணி விட்டன்னு. பூண்டுக்கு அப்ப களை எடுக்குற நேரம். புக்கு மகளோட பையில கொடைக்கானல் போயிருச்சு. கையில களைக்கொத்து மட்டும்தான். குனிஞ்சு களை எடுக்கிறப்ப காலையில வாசிச்சதை நெனச்சுப் பாப்பேன். முதல் வரி வரும். அடுத்தது வராது. அங்கயே நின்னு, இடுப்புல கையை வச்சுக்கிட்டு யோசிப்பேன். வரவே வராது. போயிப் பாக்கலாம்னா புக்கு இல்ல. பல்லுல நாரு சிக்கிக்கிட்டாப்புல அது உறுத்திக்கிட்டே கெடக்கும். சாயங்காலம் மகள் வந்து பையை இறக்குன உடனே, அவ முகம் கழுவப் போற நேரத்துல, அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்ன புக்கைத் தொறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாப்பேன். அட, இதுதானான்னு இருக்கும்.

அப்படிப் பாத்த வரி மறக்கலைங்க. அதுதான் அதிசயம். இருபது தடவை ராகம் போட்டு வாசிச்சது நிக்கல, வராம வராம தவிச்சு ஒரே ஒரு தடவை பாத்தது நின்னுக்கிருச்சு. ரெண்டு வாரம் இதைக் கவனிச்சேன். எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் மாதிரி இருந்துச்சு. ஸ்கெட்ச் பேனாவைத் தூக்கி ஓரமா போட்டேன். காலையில ஒரு தடவைதான் வாசிக்கிறது. மிச்சமெல்லாம் காட்டுல, புக்கில்லாம.

அப்புறம் இன்னொண்ணும் பண்ணுனேன். ஒரு படிக்கு ஒரு கேள்வின்னு வச்சேன். மேல்படியில பேரிக்கா மரம் நிக்கும், அதுல பருவக்காத்து. ரெண்டாவது படியில வேலியைப் பிச்சுக்கிட்டுப் பன்னி புகுந்து பாதிப் பூண்டைக் கெளறிப் போட்டிருந்துச்சு, அதுல முதல் உலகப் போருக்குக் காரணங்கள். மூணாவது படியில ஊத்துத் தண்ணி கசியும், அதுல நீர்ப்பாசனம். செம்மண் தெரியுற படியில மண் வகைகள். களை எடுத்துக்கிட்டே இறங்குவேன், அந்தந்தப் படியில அந்தந்தக் கேள்வி. பன்னி படியில கால் வச்சா போதும், எந்த நாடு எந்த நாட்டோட சேந்துச்சுன்னு வரிசையா வந்துரும். ஒரு தடவை களை எடுத்துட்டா ஆச்சா? பத்து நாள்ல மறுபடி முளைக்கும். அது மாதிரிதான் இதுவும். மூணு நாள் கழிச்சு மறுபடி அதே படி, அப்புறம் ஒரு வாரம் விட்டு. விட்டா மறந்துரும், விடாமச் சொன்னா சலிச்சுரும். அந்த அளவு எனக்குக் கைக்கு வந்துச்சு.

கணக்குதான் பாடாப் படுத்துச்சு. நான் ஒரே மாதிரிக் கணக்கைப் பத்து போடுவேன். மூணாவதுல இருந்து கை தன்னால போயிரும், பூண்டு உரிக்கிறாப்புல. நம்மளும் தேறிட்டோம்னு நெனப்பேன். கேள்வித்தாள்ல எல்லாம் கலந்து வந்தா எதுக்கு எந்த வழின்னே தெரியாது. மகள் அலமாரியில ஒரு பிஸ்கட் டப்பா வச்சிருந்தா. அதுல எல்லாப் பாடத்துக் கணக்கையும் சின்னச் சின்னச் சீட்டுல எழுதி மடிச்சுப் போட்டிருந்தா. கண்ணை மூடி ஒண்ணை எடுப்பா, எது வருதோ அதைப் போடுவா. அவ இல்லாதப்ப நான் அதுல ரெண்டு சீட்டைத் திருடுவேன். போட்டுப் பாத்துட்டு அப்படியே மடிச்சு உள்ள வச்சுருவேன். கேட்டு எடுக்கலாம்தான். அவகிட்டக் கேக்கணுமேன்னுதான் கேக்கல.

அரையாண்டு வந்துச்சு. மறுபடி கேள்வித்தாளைக் கொண்டாந்து என் முன்னால வச்சா, ஒண்ணும் பேசாம. எழுதிக் குடுத்தேன். சமூக அறிவியல் தாளைத் திருத்தி மார்க்கைக் கூட்டுனா. மறுபடி கூட்டுனா. மூணாவது தடவையும் கூட்டுனா. எண்பத்திரண்டு. அவ அதுல எழுபத்தொம்பது.

"அம்மா, எப்படிம்மா?"ன்னா.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அத்தனை மாசம் காத்துக்கிட்டிருந்தேன் போல. "சும்மா வாசிச்சேன்"னேன். படி விசயத்தைச் சொல்லல. சொல்ல மனசு வரல. இவளுக்கு வயசு இருக்கு, மூளை இருக்கு, முட்டையும் பாலும் இருக்கு, ஒரு தகப்பன் சத்தம் போடாதன்னு வாசல்ல காவல் நிக்கிறான். எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் அவளுக்குக் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கும்? சமூக அறிவியல்ல அவளுக்கு வருசமும் ஊர்ப் பேரும் நிக்க மாட்டேங்குதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. கணக்குல நான் முப்பத்து ரெண்டுதான், அது வேற கதை.

பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. மூடுபனி காட்டை மூடியிருந்துச்சு, நாலு படி தள்ளி நிக்கிறது யாருன்னு தெரியாது. நான் பன்னி படியில உக்காந்து பூண்டு பிடுங்கிக்கிட்டே, "காரணம் அஞ்சு, நாலு சொல்லிட்டேன், அஞ்சாவது என்னடி, அஞ்சாவது என்ன"ன்னு எனக்கு நானே சத்தமா கேட்டுக்கிட்டிருந்தேன். பின்னால சிரிப்புச் சத்தம். தூக்குல காப்பி கொண்டாந்த மகள் நின்னுக்கிட்டிருந்தா.

"இதத்தானம்மா அன்னிக்குச் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"புக்கை மூடும்மான்னு. வாசிச்சுக்கிட்டே இருக்காத, மூடி வச்சுட்டு உனக்கு நீயே கேட்டுப் பாருன்னு சொல்ல வந்தேன். நீ சொல்லவே விடல, சண்டைக்கு வந்துட்ட."

நான் கையில இருந்த பூண்டைக் கூடையில போட்டேன். அவ காப்பியை ஊத்திக்கிட்டே கேட்டா, "அந்தக் கணக்கு டப்பாவையாவது எடுத்துப் பாக்குறியா? உனக்குன்னு லேசான கணக்கு நெறைய எழுதிப் போட்டேன். நேராக் குடுத்தா நீ வாங்க மாட்டல்ல."

நன்றியா வந்துச்சுன்னு நெனக்கிறீங்களா? இல்ல. நான் நல்லவளா இருந்தா வந்திருக்கும். எனக்கு வந்தது ஆத்திரம். நானா கண்டுபிடிச்சேன்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தது, புரட்டாசியிலயே அவ எனக்கு எடுத்து நீட்டுன பொருளு. நான் திருடுனேன்னு நெனச்சது அவ எனக்குன்னு போட்டு வச்சது. கடைசியில எதுவுமே என்னுது இல்லையா? அதோட, என் வெட்டி ரோசத்தால அஞ்சு மாசத்தை வீணாக்கியிருக்கேன். அந்த அஞ்சு மாசம் இருந்தா கணக்குல முப்பத்தஞ்சைத் தாண்டியிருப்பேன். அதுலயும் என்னைவிட அவதான் பெரிய மனுசி. பதினஞ்சு வயசுப் பிள்ளை, நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச நாளெல்லாம் எனக்குச் சீட்டு எழுதி மடிச்சிருக்கா. அதை நெனச்சாலும் பொறாமையா இருந்துச்சு. நல்ல குணத்துலயும் அவளே முந்திக்கிட்டா.

"காப்பியில சீனி பத்தல"ன்னேன். அவ சிரிச்சுக்கிட்டே போயிட்டா. படிக்கு ஒரு கேள்வின்னு நான் வச்சிருக்கிறதை மட்டும் அவ கண்டுபிடிக்கல. அதை நானும் சொல்லல.

அன்னிக்கிருந்து கணக்கை மட்டும் அவகிட்ட உக்காந்து கேட்டேன். முப்பத்தஞ்சு வரலைன்னா டீச்சர் ரிட்டயர் ஆகுற நேரத்துக்கு என் கையில ஒண்ணும் இருக்காது, வேற யாராவது வந்து உக்காந்துருவாங்க, நான் சாகுற வரைக்கும் ஆயாதான். ரோசமெல்லாம் இதுக்கு முன்னால நிக்குமா. அவ டப்பாவைக் குலுக்குவா, நான் எடுப்பேன். போடுறதுக்கு முன்ன, "இது எந்த மாதிரிக் கணக்கு, அதை முதல்ல சொல்லு"ம்பா. சொல்லுவேன். தப்பாச் சொன்னா விடைகூடப் பாக்க மாட்டா, சீட்டைத் திருப்பி உள்ள போட்டுருவா.

எனக்குப் பரீட்சை பழனியில விழுந்துச்சு. அவளுக்குக் கொடைக்கானல்லயே. முதல் பஸ்ஸுல இறங்கி, எட்டரைக்கெல்லாம் அடிவாரத்துல நிப்பேன். மலை ஏற நேரம் இருக்காது. கீழருந்தே கும்புடுவேன். நெதம், "முருகா, முப்பத்தஞ்சு போட்டுக் குடுப்பா"ன்னுதான் வேண்டுனது. சமூக அறிவியல் அன்னிக்கு மட்டும் கூட ஒண்ணு கேட்டேன். அவளுக்கு மத்த எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு குடு, இதுல மட்டும் என்னைவிட ஒரு மார்க்காவது கொறச்சுக் குடு. வேண்டி முடிச்சுட்டு எனக்கே பயம் வந்துருச்சு. பஞ்சாமிர்தம் வாங்க வந்தவங்க கூட்டத்துல நின்னு பெத்த பிள்ளைக்கு மார்க் கொறையணும்னு வேண்டுனவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

பரீட்சைக் கூடத்துல கேள்வித்தாளை வாங்குன உடனே ஒண்ணுமே ஞாபகம் வரல. கண்ணை மூடிக்கிட்டு மேல்படியில பேரிக்கா மரத்தடியில நின்னேன். பிறகு ஒவ்வொரு படியா இறங்குனேன். பெஞ்சுக்கு அடியில என் காலு அதுபாட்டுக்கு நகந்துச்சு போல, பக்கத்துல இருந்த பையன் திரும்பித் திரும்பிப் பாத்தான். பதினாலு படியும் இறங்கி முடிக்கையில பேனாவுல மை தீந்து ரெண்டாவது பேனா எடுத்திருந்தேன்.

மே மாசம் ரிசல்ட்டு. எங்க பக்கம் போனுக்கு டவர் ஒழுங்கா கெடைக்கிறது காட்டு மேல்படியிலதான். நானும் அவளும் ஏறிப் போனோம். அவ போனுல நம்பரை அடிச்சா. அவ நம்பரைத்தான் அடிக்கிறான்னு நெனச்சேன். "பாஸும்மா"ன்னா. "யாரு?" "நீதான்." கணக்குல முப்பத்தெட்டு. அறிவியல் நாப்பத்தொம்பது. சமூக அறிவியல் எண்பத்தாறு. நான் அந்தப் பேரிக்கா மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பாஸுதான் பின்னால எனக்கு வேலையை வாங்கிக் குடுத்துச்சு. இப்ப பிள்ளைங்க என்னை டீச்சர்னுதான் கூப்பிடுதுங்க.

அப்புறம் அவளுதைப் பாத்தா. நானூத்தி அறுபத்தஞ்சு. கீழ நின்ன அவரு அதைக் கேட்டுக் கத்துன கத்துல பக்கத்துக் காட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. அவ போனையே பாத்துக்கிட்டு நின்னா. நானும் எட்டிப் பாத்தேன். தமிழு தொண்ணூத்தாறு, இங்கிலீஷு தொண்ணூத்து மூணு, கணக்கு தொண்ணூத்தெட்டு, அறிவியல் தொண்ணூத்து மூணு. சமூக அறிவியல் எண்பத்தஞ்சு.

ஊரே வந்து அவளுக்கு முட்டாய் ஊட்டுச்சு. எனக்கு ஒருத்தரும் ஊட்டல, டீச்சர் மட்டும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சாயங்காலமா எல்லாரும் போன பிறகு பாத்தா இவளைக் காணோம். உள்ள செவுத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கா. முதுகு குலுங்குது.

"ஏண்டி, என்ன கொறை உனக்கு? நானூத்தி அறுபத்தஞ்சுடி."

பக்கத்துல போயி உக்காந்தேன்.

"சொல்லு பாப்பா."

"சோசியல்ல நீ என்னைவிட ஒரு மார்க் கூட."

"அதுக்கா அழுவுற?"

"எனக்குப் பிடிக்கல."

"என்ன பிடிக்கல?"

"நீ கூட வாங்குனது."

பிள்ளை விக்கி விக்கி அழுவுறா, எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. முந்தானையை வாயில வச்சு அமுக்குனேன். இவளெல்லாம் ஒரு தாயான்னு கேப்பீங்க. கேளுங்க. என்னைப் பாவம்னு சொன்னவங்க இருக்காங்க, நல்லவன்னு சொன்னவங்க இருக்காங்க, என்னைப் பாத்து வயிறெரிஞ்சவங்க இந்த முப்பத்தெட்டு வருசத்துல ஒருத்தரும் கெடையாது. என்னத்தப் பாத்து எரிய? அன்னிக்கு ஒருத்தி எரிஞ்சா. அதுவும் யாரு, ஊரெல்லாம் மூளைக்காரின்னு சொல்ற என் மகள். அவளுக்கு நான் அன்னிக்கு அம்மா இல்ல. கூடப் பரீட்சை எழுதி ஒரு மார்க் முந்துன இன்னொருத்தி.

அப்பத்தான் சொன்னேன். பேரிக்கா மரம், பன்னி புகுந்த எடம், ஊத்து, செம்மண்ணு, பதினாலு படியும் சொன்னேன். அவ கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தா.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அரையாண்டுக்கு முன்னயே."

"நான் கேட்டேன்ல அன்னிக்கு. ஏம்மா சொல்லல?"

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம்.

"பொறாமைடி. உன் மேல எனக்குப் பொறாமை"ன்னேன்.

திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. மறுபடி படுத்து, செவுத்துப் பக்கம் திரும்பி, போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டு, உள்ளருந்து சொன்னா, "எனக்கும்தான்."